கும்மியா, குறளா, புதுக்கவிதையா: கவிதை கத்துக்க எதுல ஆரம்பிக்கிறது?

போன மாசம் எங்க அக்கா மக போன் பண்ணி, "சித்தி, நான் கவிதை எழுதக் கத்துக்கணும், மொதல்ல யாப்பு, அதான் செய்யுள் இலக்கணம், படிக்கணுமா இல்ல நேரா எழுத ஆரம்பிச்சிடலாமா"ன்னு கேட்டா. கேட்டவுடனே பதில் வரல எனக்கு. ரெண்டு நாள் யோசிச்சேன், ஏன்னா நானே இதுல எல்லா வழியிலயும் போயிப் பாத்தவ, சில வழில வருசக்கணக்குல நின்னவ. அவளுக்குச் சொன்னத அப்படியே இங்க எழுதறேன், வேற யாராவது இதே கேள்வியோட இருந்தா உதவும்.

நாங்க இருக்கிறது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகால, கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா கோயம்புத்தூர் மாவட்டம். வீட்ல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், கடைல ரெண்டும் கலந்து. நான் பால் சொசைட்டில கணக்கு எழுதறேன். அக்கா மக, எங்களுக்குப் பாப்பா, பத்தாவது வரைக்கும் மலையாள மீடியம், தமிழ் எழுத்து அவ பாட்டி கிட்ட கத்துக்கிட்டது. இத ஏன் சொல்றேன்னா எந்த வழி நல்ல வழிங்கறது யார் காதுக்குங்கறத பொறுத்தது. மதுரைல பொறந்து வளந்த பிள்ளைக்குச் சொல்ற அதே யோசனைய இவளுக்குச் சொல்ல முடியாது, இவ காதுல என்ன இருக்குன்னு மொதல்ல பாக்கணும்.

எல்லாரும் மொதல்ல போற வழி புதுக்கவிதை. எதுகை வேண்டாம், தளை வேண்டாம், மனசுல பட்டத வரி வரியா உடைச்சுப் போட்டா போதும்னு ஒரு நம்பிக்கை. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். நோட்டு நோட்டா எழுதினேன், ஆனா நாலு வருசம் கழிச்சு எடுத்துப் படிச்சா எந்த வரிய எதுக்கு அங்க உடைச்சேன்னு எனக்கே சொல்லத் தெரியல. வாக்கியத்த எங்க வேணாலும் உடைக்கலாம்னு ஆனதுக்கப்பறம் எங்க உடைக்கணும்னு சொல்றது காது ஒண்ணுதான், அந்தக் காதுக்கு அப்ப என்கிட்ட பழக்கம் இல்ல.

புதுக்கவிதை சரித்திரத்தப் பாத்தாலும் இதுதான் தெரியுது. ந.பிச்சமூர்த்தி 1934ல மணிக்கொடி பத்திரிகைல 'காதல்' எழுதினாரு, அதுக்கும் முன்னாடியே பாரதி வசன கவிதை எழுதிட்டாரு, அப்பறம் 1959ல சி.சு.செல்லப்பாவோட 'எழுத்து' பத்திரிகை, 1971ல எங்களுக்குப் பக்கத்துல கோயம்புத்தூர்ல 'வானம்பாடி' இதழ். இதுல பாரதி எப்பேர்ப்பட்ட யாப்புக்காரருன்னு சொல்ல வேண்டியதில்ல. வானம்பாடிகள்ல ஒருத்தரான சிற்பி, ஆத்துப் பொள்ளாச்சிக்காரரு, தமிழ்ப் பேராசிரியரு, மரபுக்கவிதைல தொடங்கி அப்பறம் இங்க வந்தவரு. வீட்டுக் கட்டுமானம் தெரிஞ்சவங்க செவுத்த எடுத்தா எந்தச் செவுத்த எடுக்கலாம்னு தெரிஞ்சு எடுப்பாங்க, அதுதான் வித்தியாசம்.

ஆனா ஒண்ணு, யாராவது ஒருத்தர இழந்துட்டு ராத்திரி தூக்கம் வராம எழுதணும்னு தோணினா, அவங்க கிட்டப் போயி நேர் நிரைன்னு யாப்புக் கணக்கு பேசக்கூடாது. அவங்க நேரா எழுதட்டும். நான் இங்க பேசறது தொழிலா, ஒழுங்கா கத்துக்கணும்னு நினைக்கிறவங்களப் பத்தி மட்டும்.

அடுத்தது ஹைக்கூ. மூணு வரிதானேன்னு நெறைய பேர் இதுல எறங்குறாங்க. தமிழ்ல இதப் பத்தி மொதல்ல சொன்னதும் பாரதிதான், 1916ல சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதையப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. ஜப்பான்ல அஞ்சு ஏழு அஞ்சுன்னு ஒலிக்கணக்கு உண்டு, பருவத்தச் சொல்ற ஒரு வார்த்தை உண்டு. தமிழ்ல அந்தக் கணக்கெல்லாம் விட்டுட்டு மூணு வரிய மட்டும் எடுத்துக்கிட்டோம். அதனால இது பாக்கறதுக்கு நல்ல பயிற்சி, கேக்கறதுக்குப் பயிற்சி இல்ல. எங்க வாய்க்கால்ல தண்ணி விடாத ஒரு மார்கழில நான் எழுதினது இது:

மூடிய மதகு
பூட்டின் மேல் ஒரு துளி
பனி

இத எழுத எனக்கு யாப்பு தேவைப்படல, காலைல எந்திரிச்சு அங்க போயி நிக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒண்ணு இப்படி எழுதினா கண்ணு கூர்மையாகும். இது கூடவே ஓடட்டும், ஆனா இது மட்டும் போதும்னு சொல்ல மாட்டேன்.

சினிமாப் பாட்டு மாதிரி மெட்டுக்கு எழுதறது தனி வேலை, அதுல ஆசை இருக்கறவங்களுக்கும் நான் கீழ சொல்ற வழி பொருந்தும், அதனால அத விட்டுடறேன்.

இப்ப யாப்பு. இதுக்கு உள்ளயே ரெண்டு மூணு வாசல் இருக்கு. பழைய யாப்பு நூலான யாப்பருங்கலக்காரிகைய எடுத்து வச்சு சூத்திரத்த மனப்பாடம் பண்றது ஒண்ணு. நான் ஒருத்தர்கிட்ட, பேரு வேண்டாம், ஆன்லைன்ல வகுப்புக்குச் சேந்தேன். ஒன்பது மாசம் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடைன்னு வரையறையே ஓடுச்சு, பரீட்சை வச்சாங்க, மார்க் போட்டாங்க, ஒரே ஒரு வெண்பா எழுதச் சொல்லல. எனக்கு அது இன்னைக்கும் வருத்தம்தான். நீச்சல் கத்துக்க வந்தவங்கள கரைலயே உக்கார வச்ச மாதிரி. காரிகை மோசம்னு சொல்லல, ஆயிரம் வருசமா நிக்கிற நூல், ஆனா அது எழுதத் தெரிஞ்சவங்களுக்குச் சட்டம் சொல்ற நூல். எழுதிப் பழக கி.வா.ஜகந்நாதனோட 'கவி பாடலாம்', அ.கி.பரந்தாமனாரோட 'கவிஞராக' இந்த ரெண்டுல எது கைல கிடைச்சாலும் போதும், ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவங்க.

சில பேரு வெண்பாவ விட்டுட்டு ஆசிரியப்பாங்கற பா வகைல ஆரம்பின்னு சொல்லுவாங்க. காரணம் உண்டு. அசைங்கற ஒலித்துண்டு சேந்தா சீர், சீர் சேந்தா அடி. இதுல நாலு சீர் அடி, பெரும்பாலும் ஈரசைச் சீர், நேரிசை ஆசிரியப்பான்னா கடைசிக்கு முந்தின அடி மட்டும் மூணு சீர், கடைசில 'ஏ'ங்கற எழுத்துல முடிச்சா முடிஞ்சுது. பேச்சுக்குக் கிட்ட இருக்கும். ஆனா அது தாராளமா இருக்கறதாலயே நாம தப்பு பண்ணினா அது நம்மளப் பிடிச்சு நிறுத்தாது. வெண்பா பிடிச்சு நிறுத்தும். கத்துக்கறவங்களுக்கு நிறுத்தறதுதான் வேணும்.

எப்படி நிறுத்தும்னு கிட்டத்துல இருந்து காட்டறேன். தமிழ்ல அசை ரெண்டே ரெண்டு, நேர், நிரை. தனியா நிக்கிற எழுத்து நேர், குறில் ஒண்ணு அடுத்த எழுத்தோட சேந்து நின்னா நிரை, ஒற்று வந்தா கூட ஒட்டிக்கும், கணக்குல வராது. தென்னை, தென் னை, நேர் நேர், அது தேமா. பனைமரம், பனை மரம், நிரை நிரை, அது கருவிளம். ரெண்டு அசைச் சீர் தேமா மாதிரி நேர்ல முடிஞ்சா மா, கருவிளம் மாதிரி நிரைல முடிஞ்சா விளம், மூணு அசையா நேர்ல முடிஞ்சா காய். வெண்பால மாவுக்கு அடுத்து நிரை வரணும், விளத்துக்கும் காய்க்கும் அடுத்து நேர் வரணும். சீருக்குச் சீர் இப்படிக் கட்டறதுதான் தளை, வெண்பாவோட தளைக்கு வெண்டளைன்னு பேரு. அவ்வளவுதான் சட்டம். குறள் வெண்பான்னா மொத அடி நாலு சீர், ரெண்டாவது மூணு, ஆக ஏழு. கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்புன்னு நாலு மாதிரில ஒண்ணா முடியணும். நாள்னா ஒரு நேர், மலர்னா ஒரு நிரை, காசு, பிறப்புன்னா அதுகூட ஒரு உகரம்.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்துல எங்க பக்கத்துக்கு வர்ற தண்ணி ஒரு வருசம் ரொம்ப லேட்டாச்சு. அப்ப நான் எழுத உக்காந்தப்ப மொதல்ல வந்தது "வாய்க்கால் காய்ந்தாலும்". வாய்க்கால் தேமா, அடுத்து நிரை வரணும், "காய்ந்" நேர். தளை தட்டுது. அரை மணி நேரம் அந்த ஒரு சீர்லயே உக்காந்திருந்தேன். அப்பறம் "வறண்டாலும்" வந்துச்சு. வறண், நிரை. பாத்தா வாய்க்காலுக்குச் சரியான வார்த்தையே அதுதான், துணிதான் காயும், வாய்க்கால் வறளும். மோனையும் தானா வந்து ஒட்டிக்கிச்சு.

வாய்க்கால் வறண்டாலும் வாடாது காத்திருக்கும்
காய்க்காத தென்னையும் காண்

தளை சரி, எதுகை சரி, ஆனா கடைசில நிக்குது பாருங்க அந்த "காண்", அது எடத்த அடைக்க வந்த வார்த்தை. வெண்பா பழகறவங்க எல்லாருக்கும் இந்த வியாதி வரும், காண், ஆம், நன்றுன்னு எதையாவது வச்சு மூடிடுவாங்க. ரெண்டு நாள் அதை அப்படியே விட்டுட்டு மூணாவது நாள் மாத்தினேன்.

வாய்க்கால் வறண்டாலும் வாடாது காத்திருக்கும்
காய்க்காத தென்னையின் வேர்

காண் போயி வேர் வந்ததும் காத்திருக்கறது யாருன்னு மாறிப்போச்சு, மேல நிக்கிற மரம் இல்ல, மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்கறது. இத நான் திட்டம் போட்டு எழுதல. ஒரே ஒரு அசைக்கு எடம் இருக்கு, அங்க ஒரு உசிருள்ள வார்த்தை வேணும்னு தேடினப்ப கிடைச்சது.

எழுதினது சரியான்னு பாக்க இப்ப அவலோகிதம்னு ஒரு மென்பொருள் நெட்ல இலவசமா இருக்கு, பாட்ட உள்ள போட்டா அசை பிரிச்சு, சீர் பேரு சொல்லி, தளை எல்லாம் காட்டி என்ன பான்னு சொல்லிடும். ரொம்ப நல்ல வசதி, அத உருவாக்கினவங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா பாப்பா கிட்டச் சொன்னேன், மொதல்ல கைல எண்ணி, வாய்ல சொல்லிப் பாத்து, தட்டுதுன்னு உனக்கே தோணினதுக்கு அப்பறம் அதுல போடு கண்ணு, முன்னாடியே போட்டா காது வளராது.

சரி, அப்ப குறள்ல ஆரம்பிச்சிடலாமான்னா, எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுக்கும் ஒரு படி முன்னாடி இருக்குன்னு நான் நினைக்கிறேன். அதுதான் கும்மி.

எங்கூர்ல கும்மி தெரியாத பொம்பளைங்க இல்ல. நோம்பிக்கு, அதான் பண்டிகைக்கு, அடிப்பாங்க, யாருக்கும் யாப்பு தெரியாது, யாரும் தட்டுத் தவற மாட்டாங்க. நான் வெண்பா ஓரளவுக்குப் பழகினதுக்கு அப்பறம் ஒரு நாள் சும்மா ஒரு கும்மி அடிய நோட்ல எழுதி அசை பிரிச்சேன்.

வாய்க்காலில் தண்ணி வருதடி பெண்களே
வந்து கரைமேலே கும்மியடி

வாய்க்காலில், தேமாங்காய், அடுத்து நேர், தண்ணி. தண்ணி தேமா, அடுத்து நிரை, வருதடி. அது கருவிளம், அடுத்து நேர், பெண்களே. அது கூவிளம், அடுத்து நேர், வந்து. தேமா, அடுத்து நிரை, கரைமேலே. புளிமாங்காய், அடுத்து நேர், கும்மியடி. ஒரு எடத்துலயும் தட்டல. எண்ணினா மேல நாலு, கீழ மூணு, ஏழு சீர். நான் அப்படியே உக்காந்துட்டேன். குறளுக்கும் கும்மிக்கும் நடை ஒண்ணுதான், அதே வெண்டளை, அதே ஏழு. குறள் கடைசிச் சீர்ல சட்டுனு நறுக்கிட்டு நிக்கும், கும்மி முழுச் சீரா போயி கைத்தட்டுக்கு எடம் விட்டு நிக்கும், வித்தியாசம் அங்கதான். பாரதி பெண்கள் விடுதலைக்குப் பாடினப்ப கும்மிய எடுத்தது சும்மா இல்ல, ஊர் வாய்ல ஏற்கனவே இருக்கற தாளம் அது.

அதனால பாப்பாவுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். ஒரு மாசம் பாட்டி கூட கும்மி பாடு, கை தட்டித்தான் பாடணும். அதே மெட்டுல உன் வார்த்தை போட்டு நாலு அடி கட்டு, அசை கிசைன்னு யோசிக்காத. ரெண்டாவது மாசம் நீ கட்டினதையே அசை பிரிச்சுப் பாரு. மூணாவது மாசம் குறள். புதுக்கவிதை எப்ப தோணுதோ அப்ப எழுது, ஆனா அத யாருக்கும் காட்ட அவசரப்படாத.

காதால கத்துக்கிட்டா மொழி கூட தடை இல்லங்கறதுக்கு எங்க மாவட்டத்துலயே சாட்சி இருக்கு. ஷொர்ணூர், ஒத்தப்பாலம் பக்கம் பகவதி கோயில்கள்ல தோல்பாவைக்கூத்து நடக்கும், கூத்துமாடங்கற மேடைல திரைக்குப் பின்னால 21 விளக்கு வரிசையா எரியும், பாவை நிழலா ஆடும், பாடறது கம்பராமாயணப் பாட்டு. பாடறவங்க வீட்ல பேசறது மலையாளம். ஆனா கம்பன் பாட்டு வாய்ல வரும்போது சீர் சீரா விழும், பரம்பரையா கேட்டுக் கேட்டு வந்தது. நான் ஒரு தடவை ராத்திரி முழுக்க உக்காந்து கேட்டிருக்கேன், விடியும்போது எனக்கே விருத்தத்துல பேசலாம் போல இருந்துச்சு.

மலையாள மீடியத்துல படிச்ச பிள்ளைங்களுக்குத் தமிழ் யாப்பு வராதுன்னு எங்க பக்கம் பெரியவங்க சில பேரு சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அவங்களுக்குச் சில விசயம் சுலபம், சில விசயம் தடுக்கும், அது ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

சுலபம் எதுன்னா எதுகை. மலையாளத்துல அதுக்கு துவிதீயாக்ஷரப்பிராசம்னு பேரு, ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்றது. அது கவிதைக்குக் கட்டாயமா இல்லையான்னு மலையாளக் கவிஞர் கேரளவர்ம வலிய கோயித்தம்புரானுக்கும் அவரோட சகோதரி மகன் முறையான ஏ.ஆர்.ராஜராஜவர்மாவுக்கும் பெரிய விவாதமே நடந்துச்சு. இன்னும் பின்னால போனா, 14ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான லீலாதிலகம் பாட்டுன்னா என்னன்னு சொல்லும்போது எதுகை மோனைங்கற அதே வார்த்தையத்தான் போடுது. அப்பறம் சித்தூர்லயே சோகநாசினி ஆத்தங்கரைல மலையாளக் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்துல இருந்ததா சொல்ற குருமடம் இருக்கு, கர்க்கடக மாசம் பூரா வீட்டுக்கு வீடு அவரோட ராமாயணம் கிளிப்பாட்டா கேக்கும், இந்தப் பிள்ளைங்க காது காலியா இல்ல.

தடுக்கறது எதுன்னா எண்ணிக்கை. அவங்க ஸ்கூல்ல லகு (ஒரு மாத்திரை), குரு (ரெண்டு மாத்திரை)ன்னு எண்ணப் பழகியிருப்பாங்க. காகளிங்கற மலையாள விருத்தம்னா மூணு எழுத்துல அஞ்சு மாத்திரை, அப்படி எட்டு கணம் சேந்தா ஒரு ஈரடி. பாப்பாவும் மொதல்ல விரல் மடக்கி மாத்திரைதான் எண்ணினா. பனைய அங்க 'பன'ம்பாங்க, அதுக்கு ரெண்டு லகு, நமக்குப் பனை ஒரே நிரை. இத ஒரு வாரம் பழகினா மாறிடும், ஆனா யாராவது சொல்லணும், சொல்லலன்னா ஒரு வருசம் குழம்புவாங்க.

இன்னொண்ணு இருக்கு, அது உதவியும் பண்ணும், தடுக்கவும் செய்யும். வெண்பா முடியற எடத்துல காசு, பிறப்புன்னு சொன்னேன் இல்ல, அது பெரும்பாலும் குற்றியலுகரம், வீடு, விளக்குன்னு கடைசி உகரம் பாதியா ஒலிக்கறது. தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கு இத விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். இவங்களுக்கு விளக்கவே வேண்டாம், மலையாளத்துல வீடு, விளக்குன்னு எழுதும்போது கடைசில சந்திரக்கலைங்கற பிறைக்குறி போடறாங்களே, அதே அரை உகரம்தான்னு சொன்னா பாப்பா ஒரே நிமிசத்துல பிடிச்சுக்கிட்டா. ஆனா அங்க எந்த மெய்க்கு அப்பறமும் அந்த அரை உகரம் வரும், நமக்கு கு சு டு து பு று இந்த ஆறுல மட்டும்தான்.

போன வியாழக்கிழமை அவ மெசேஜ்ல ஒரு குறள் அனுப்பியிருந்தா, காலைல சொசைட்டிக்குப் பால் கொண்டு வர்றதப் பத்தி:

பால்கொண்டு போகும் பனிக்காலை நேரத்தில்
காலை நனைக்கிற புல்லு

தளை எல்லா எடத்துலயும் சரியா இருந்துச்சு, எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனா புல்லுல நிறுத்தினது அந்த மலையாளக் காது, அங்க புல்லுக்கு அரை உகரம், இங்க லு முழு உகரம், அதனால குறள் பெரும்பாலும் முடியற மாதிரி அது முடியல. பால், காலைங்கற எதுகையும் கொஞ்சம் நழுவுது. நான் திருத்திக் குடுக்கல, "கடைசிச் சீர் மட்டும் பாரு கண்ணு, லு எந்த உகரம்"னு மட்டும் போட்டேன். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்துச்சு:

பால்கொண்டு போகும் பனிக்காலை நேரத்தில்
கால்நனைக்கும் புல்லின் நுனி

அதுக்குக் கீழ, "சித்தி, நுனி நிரை, மலர், சரியா? கால் நனையறது நுனிலதான், நானே கவனிச்சதில்ல"ன்னு எழுதியிருந்தா.